துருவராஜின் முதுகு

“பாத்துப் போ. மேல அடி படாம வா.”

முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய மதிவாணன், குவார்ட்டர்ஸ் வாசலிலேயே நின்றுவிட்டார். மனைவி திலகவதியின் குரல்தான். இத்தனை குழைவாக அவள் தன்னிடம் பேசி எத்தனை வருஷமாகிறது என்று யோசித்தபடி, ஷூவைக்கூடக் கழற்றாமல் உள்ளே நுழைந்தார்.

வேறு யாரும் இல்லை. திலகவதி செல்போனில் கேம் ஆடிக்கொண்டிருந்தாள். பிரபல நடிகர் துருவராஜை நாயகனாக வைத்து வந்திருக்கும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு. அவர் நமக்கு முதுகைக் காட்டியபடி நடப்பார், ஓடுவார், சுடுவார். நாம் பின்னாலேயே போய் அவரை ஆட்டுவிக்க வேண்டும்.

முதல் நாள் மதிவாணன் சிரித்துக்கொண்டார். ஆனால் அது அன்றோடு போகவில்லை. சீரியல் நின்றது, பக்கத்து வீட்டு அரட்டை நின்றது, சாம்பார் அடிபிடித்தது.

ஒரே மகன் அருண்ராஜ், அப்பா வேலை பார்க்கும் நிலக்கரி மைன்ஸிலேயே கிடைத்த அப்ரண்டிஸ் வேலையை உதறிவிட்டு சினிமா சினிமா என்று சென்னைக்கு ஓடியதிலிருந்து அந்த வீட்டில் சினிமாப் பேச்சே கிடையாது. மகன் பேச்சும் கூடாது என்பது மதிவாணன் போட்ட சட்டம். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு சினிமாக்காரனை இவள் உள்ளங்கையில் வைத்துத் தாங்குகிறாளே என்று அவருக்கு வயிறு எரிந்தது.

மனசு கேட்காமல் ஷிப்ட்டில் கூட வேலை பார்க்கும் நண்பன் பெரியண்ணனிடம் புலம்பினார். அவனா ஆறுதல் சொல்கிற ஆள்?

“அந்த நடிகருக்கு ஒன்னவிட வயசு கூடய்யா. பாத்தா தெரியுதா? நீயும் வயித்த உள்ள இழுத்துகினு நட.”

நடந்து பார்த்தார். மீசைக்கு டை அடித்தார். மந்தாரக்குப்பம் கடைவீதியில் ஒரு கூலிங் கிளாஸும் வாங்கி மாட்டிக்கொண்டு மனைவி எதிரில் போய் நின்றார். கண் வலியா என்று கேட்டுவிட்டு அவள் மறுபடி போனுக்குள் போய்விட்டாள்.

விளையாட்டின் நடுநடுவே துருவராஜின் முகம் திரை நிறைய வந்து வசனம் பேசும். திலகவதி அதை மட்டும் சட்டென்று தள்ளிவிடுவாள். புருஷன் பக்கத்தில் இருக்கிற கூச்சம் என்றுதான் முதலில் நினைத்தார். ஜன்னல் வழியாக ஒளிந்து பார்த்தபோதும் அவள் அப்படித்தான் தள்ளினாள். முகத்தை நேருக்கு நேர் பார்க்கவே வெட்கப்படுகிற அளவுக்கு முற்றிவிட்டது என்று முடிவு கட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் தோட்டத்தில் காய்ந்த துணியை எடுக்கப் போனாள். போன் கட்டில்மேல் கிடந்தது. மதிவாணன் அதை எடுத்து, சுவருக்குப் பின்னால் பதுங்கியிருந்த துருவராஜை நடு மைதானத்துக்கு ஓட்டி வந்து நிறுத்தினார். நாலா பக்கமும் சுட்டார்கள். நடிகர் மண்டியிட்டு, குப்புற விழுந்தார். மதிவாணனுக்குப் பரம திருப்தி. எழுப்பி, மறுபடியும் குண்டடி பட வைத்தார்.

வாசற்படியில் துணியெல்லாம் விழுந்தது. திலகவதி ஓடி வந்து போனைப் பிடுங்கினாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

“ஒரு பொம்ம விழுந்ததுக்கு அழுவியா? அந்த நடிகன் மேல அவ்ளோ ஆசையா ஒனக்கு?”

திலகவதி திரையைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

“மூஞ்சி மட்டுந்தாங்க அவரு. ஒடம்பு பூரா கருவிய மாட்டிகினு நடந்து, ஓடி, விழுந்து காட்டுனதெல்லாம் வேற ஆளு. அந்த அசைவத்தான் கம்ப்யூட்டர்ல இந்தப் பொம்மைக்கு ஏத்துனாங்களாம்” என்றாள். “இப்ப விழுந்தது நம்ம அருண்ராஜ்ங்க.”