பந்தைப் பார்க்காதவன்

இடைவேளைக்குச் சற்று முன்னால் நவுவா அணி கோல் போட்டது. கூரைக்குக் கீழே உட்கார்ந்திருந்த வக்கீல்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். சதேந்திரா மட்டும் எழவில்லை.

அவன் மைதானத்தையே பார்க்கவில்லை. இவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், ஒவ்வொரு முகமாக.

பக்கத்தில் நின்ற சுஷீலா அதைக் கவனித்துவிட்டாள்.

நவுவாவில் பிறந்து தலைநகர் சுவாவில் கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டவர்கள் சேர்ந்து ஆரம்பித்த ரசிகர் கூட்டம் அது. அதற்கு மூலகாரணம் அவள் கணவன் கமலேஷ். ரெஃப்ரி தப்பாக விசில் ஊதினால் வரிசை முழுக்க எழுந்து, "அப்ஜெக்‌ஷன், யுவர் ஆனர்" என்று கத்தும். அதைக் கேட்பதற்காகவே பக்கத்தில் இடம் பிடிக்கிறவர்கள் உண்டு.

போன வருஷம் ராணுவம் இரண்டாவது தடவையாக ஆட்சியைப் பிடித்த பிறகு யாரும் அப்படிக் கத்துவதில்லை.

வெளியே நாலு பேர் கூடி நிற்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கும் தடை. சனிக்கிழமை ஆட்டம் மட்டும் மிஞ்சியிருந்தது. வக்கீல்கள் பேச வேண்டியதையெல்லாம் இந்த பெஞ்சில் உட்கார்ந்துதான் பேசினார்கள். என்ன ஆனாலும் நாட்டை விட்டுப் போவதில்லை என்று சொல்லிக்கொண்டதும் இங்கேதான்.

வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர் ஒருவரைச் சந்திக்கப் போவதாகக் கமலேஷ் சொன்னதும் இங்கேதான். சந்திப்பதற்குள் சிப்பாய்கள் வந்து அவனைக் கொண்டுபோய்விட்டார்கள்.

விடுவிக்கப்பட்டு வந்தவனால் வலது கையால் சோறு பிசைய முடியவில்லை. உள்ளே என்ன நடந்தது என்று அவளிடம்கூடச் சொல்லவில்லை. மைதானத்துப் பக்கம் வருவதையும் விட்டுவிட்டான்.

இந்த பெஞ்சிலிருந்துதான் யாரோ ராணுவத்திடம் சொல்லியிருக்க வேண்டும்.

யார் என்று முதலில் சொன்னவர் கோவிந்த். கூட்டத்திலேயே மூத்த வக்கீல். கமலேஷைப் பிடித்துவைத்திருந்தபோது ராணுவ முகாம் வாசல்வரை தன் காரில் அவளைக் கூட்டிப்போய், வெயிலில் கூடவே நின்றவர். போலீஸ் ஸ்டேஷனில் சதேந்திரா ஓர் அதிகாரியோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். அன்றைக்குத் தீவின் மறுகோடியில் லாட்டோக்காவில் கேஸ் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் போயிருந்தான் சதேந்திரா.

கமலேஷிடம் ஜூனியராக இருந்து தொழில் கற்றவன் அவன். அவர்கள் வீட்டில் பாதி நாள் சாப்பாடு. ஆனாலும் அவன் வந்து உட்கார்ந்ததும் இவர்கள் பேச்சை ஆட்டத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். அது அவனுக்கும் தெரிந்திருக்கும். ஏன் என்று அவன் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்காததே சுஷீலாவின் சந்தேகத்தை வளர்த்தது.

இடைவேளை விசில் ஒலித்தது. மற்றவர்கள் டீ வாங்க இறங்கிப் போனார்கள். கோவிந்த் மட்டும் கீழ் வரிசையில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆட்டத்தை விட்டுவிட்டு எங்கள் முகத்தை எதற்குப் பார்க்கிறாய் என்று சுஷீலா நேராகவே கேட்டாள். இந்தியில்தான் கேட்டாள். எப்போதும் அவர்கள் பேசிக்கொள்வது அதில்தான்.

சதேந்திரா தமிழில் பதில் சொன்னான். நவுவா கோயிலில் பெரியவர்கள் பேசக் கேட்டுப் பிடித்துக்கொண்ட அரைகுறைத் தமிழ்.

"செவ்வாக்கெழமை பிளேன், அக்கா. ஆக்லாந்து போயிட்டா இந்த மூஞ்சியெல்லாம் எப்ப பாப்பேன்?"

குடியேற்றத்துக்குக் கைரேகை கேட்டார்களாம். அதற்குத்தான் ஸ்டேஷனுக்குப் போனானாம். போகமாட்டோம் என்று அன்றைக்கு முதலில் கை தூக்கியவன் அவன்தான். அந்த வெட்கத்தில் லாட்டோக்கா என்று பொய் சொல்லியிருக்கிறான்.

கீழ் வரிசையில் பேப்பர் சரசரத்தது. கோவிந்துக்குத் தமிழ் தெரியாது. இருந்தும் சதேந்திரா குரலைத் தாழ்த்தினான்.

"ஸ்டேஷன்ல நான் கீழ நின்னேன். கோவிந்த் அண்ணன் மாடிலேந்து எறங்கி வந்தாரு, சோல்ஜர் கூட."

சுஷீலா இருவரையும் நம்பவில்லை. மாட்டிக்கொண்டவன் இன்னொருவனைக் கைகாட்டுவதை வக்கீலான அவள் கோர்ட்டில் நிறையப் பார்த்திருக்கிறாள். மாடிக்குப் போக ஒரு வக்கீலுக்கு ஆயிரம் வேலை இருக்கும். ஆக்லாந்தும் பொய்யாக இருக்கலாம். கண் கலங்கியிருந்ததுகூட நடிப்பாக இருக்கலாம்.

ஆட்டக்காரர்கள் திரும்ப மைதானத்துக்குள் வந்தார்கள். அவள் இறங்கிப்போய் கோவிந்த் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் காதருகே குனிந்து ஒரு விஷயம் சொன்னாள். அவர் தலையசைத்து, ஜாக்கிரதையாக இரு என்று அவள் கையைத் தட்டிக்கொடுத்தார்.

ஆட்டம் முடிந்ததும் சுஷீலா நேரே வீட்டுக்குப் போனாள். கமலேஷை அன்று மாலையே நவுவா பஸ்ஸில் ஏற்றித் தன் அம்மா வீட்டுக்கு அனுப்பினாள். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. இப்போதெல்லாம் அவன் எதையும் கேட்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஓடாது. அவர்கள் வீடு இருந்த சமபுலா தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. வெளுத்த புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு சுஷீலா முன்னறையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் யாரையும் அழைத்திருக்கவில்லை. யாரும் வரவும் இல்லை. மேடு ஏறி ஏதாவது வண்டி வருகிற சத்தம் கேட்டால் காதைத் தீட்டிக்கொண்டாள். அது கடந்து போனதும், சதேந்திராவை நினைத்துப் பல்லைக் கடித்தாள்.

பிறகு ஒரு லாரி வந்தது. அது கடந்து போகவில்லை.

அவர்கள் தட்டுவதற்கு முன்பே அவள் கதவைத் திறந்துவிட்டாள். சிப்பாய்கள் பின்கட்டுக்கு ஓடினார்கள். இளம் அதிகாரி ஒருவன் அவள் தோளுக்கு மேலாக அறைக்குள் எட்டிப் பார்த்தான். ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. அவன் முகத்தில் குழப்பம். மரியாதையாகவே கேட்டான், பூஜைக்கு வந்தவர்களெல்லாம் எங்கே என்று.

சுஷீலா வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

அவள் வீட்டில் அன்றைக்குப் பூஜை எதுவும் இல்லை. உண்டு என்றும், அந்தச் சாக்கில் வக்கீல்கள் எல்லோரும் கூடப்போகிறார்கள் என்றும் ஒரே ஒருவர் காதில்தான் சொல்லியிருந்தாள்.