முப்பத்தொன்றாம் பக்கம்

மூன்றாவது புத்தகத்திலும் அதே இடத்தில் பென்சில் புள்ளி. கமலநாதனுக்குச் சுருக்கென்றது.

நான்காவதைப் புரட்டினார். முப்பத்தொன்றாம் பக்கம், மேல் மூலை. அங்கேயும் இருந்தது.

பிரிக்பீல்ட்ஸ் சங்கக் கட்டடத்தின் மாடி நூலகத்துக்குப் பதினோரு வருஷமாக அவர்தான் பொறுப்பாளர். எந்தப் புத்தகம் எந்த அலமாரியில், எந்த வருஷத்துப் பதிப்பு, எத்தனை பக்கம் எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். கேட்கத்தான் ஆள் இல்லை. சனிக்கிழமை மத்தியானம் வருகிற ஒரே ஆள் கெர்ட்ரூட். பக்கத்துக் கிளினிக்கில் தரை துடைத்து முடித்துவிட்டு வந்து, கிள்ளானிலுள்ள வீட்டுக்கு ரயில் ஏறும்வரை ஜன்னலோரம் உட்கார்ந்து படிப்பாள். புத்தகத்தை எடுத்துப் போகமாட்டாள்.

"இது உன் வேலையாம்மா?"

கெர்ட்ரூட் மழுப்பவில்லை. "ஆமா சார். படிச்ச புத்தகத்துல ஒரு புள்ளி வச்சிடுவேன். இல்லாட்டி அதையே திரும்ப எடுத்துடுவேன். எனக்குப் படிச்சதெல்லாம் மறந்துடும்."

"அதென்ன முப்பத்தொண்ணு?"

"என் கல்யாணத் தேதி சார். மறக்கணும்னுதான் பாக்குறேன். அது மட்டும் மறக்க மாட்டேங்குது."

கமலநாதன் சிரிக்கவில்லை. கையிலிருந்த நாவலை உயர்த்திக் காட்டினார். "இதுல கதாநாயகி பேர் என்ன?"

"தெரியல சார்."

"கடைசியில என்ன ஆவுது?"

யோசித்தாள். "அதுவும் ஞாபகம் இல்ல. ஆனா இதைப் படிச்ச மறுநாள் என் நாத்தனாருக்கு போன் பண்ணேன். ஒம்பது வருஷமா பேசாம இருந்தோம்."

"நான் கதையக் கேட்டேன்."

"அதான் சார், மறந்துடுச்சு."

"மறக்குறதுக்கு எதுக்கும்மா படிக்கிற? புத்தகம் அசிங்கமாப் போனதுதான் மிச்சம்." மேசை இழுப்பறையிலிருந்து ஒரு புது ரப்பரை எடுத்து நீட்டினார். "எல்லாத்தையும் அழி. அப்புறம் படிக்கலாம்."

மூன்று சனிக்கிழமை அவள் படிக்கவில்லை. அலமாரி அலமாரியாக இறக்கி, அழித்து, ஊதி, திரும்ப அடுக்கினாள். ரப்பர் தூளைக் கூட்டி அள்ளிவிட்டுத்தான் ரயிலுக்குப் போனாள்.

"நானூத்துப் பன்னெண்டு சார்," என்றாள் மூன்றாவது வாரம். "இவ்வளவு படிச்சிருக்கேன்னு எனக்கே தெரியாது."

நான்காவது வாரம் சங்கத் தலைவர் சபாபதி படியேறி வந்தார். கையில் அளவெடுக்கிற டேப்.

"உறுப்பினருங்க கராவோக்கே ரூம் கேட்டுக்கிட்டே இருக்காங்க, கமலநாதன். இந்த இடம்தான் சும்மா கிடக்குது." இரவல் பதிவேட்டைப் புரட்டினார். "ரெண்டு வருஷமா ஒரு கையெழுத்து இல்ல. இங்க யாருய்யா படிக்கிறா?"

"இந்தம்மா இங்கேயே உக்காந்து படிப்பாங்க, தலைவரே. பாதி நூலகத்தை முடிச்சிட்டாங்க."

"அப்படியா?" சபாபதி கைக்கு எட்டிய ஒரு நாவலை உருவினார். "இதுல கதாநாயகி பேர் என்னம்மா?"

தான் கேட்ட கேள்வி இன்னொருவர் வாயிலிருந்து வந்தபோதுதான், அது எப்படிப்பட்ட கேள்வி என்று கமலநாதனுக்கு உறைத்தது.

"ஞாபகம் இல்ல சார்," என்றாள் கெர்ட்ரூட்.

"கதை?"

"அதுவும்தான்."

"சரி, நீங்க சொல்லுங்க கமலநாதன்."

"எழுபத்தெட்டாம் வருஷப் பதிப்பு. முந்நூத்து நாப்பது பக்கம்..." தொடங்கியவர் நின்றுவிட்டார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது.

சபாபதி புத்தகத்தை மேசையில் போட்டார். "இங்க பாருங்க, எனக்கும் ஆசை இல்ல. கமிட்டியில நாலு பேர் கேப்பான். ஒரு ஆளாச்சும் படிச்சதுக்கு அடையாளம் காட்டுங்க, ரூமை விட்டுடறேன்."

"புள்ளி வச்சிருந்தேன் சார்," என்றாள் கெர்ட்ரூட். "படிச்சதுக்கெல்லாம். அழிச்சாச்சு."

"அழிச்சாச்சா? யாரு அழிக்கச் சொன்னது?"

கெர்ட்ரூட் கமலநாதனைப் பார்த்தாள்.

கமலநாதன் ஜன்னலுக்கு வெளியே போகிற மோனோரயிலைப் பார்த்தார். அடுத்த மாதம் பொதுக்கூட்டம். செயலாளர் பதவிக்கு அவர் பேரை முன்மொழிவதாகத் தலைவர் சொல்லியிருந்தார்.

"யாரும் சொல்லல சார்," என்றாள் கெர்ட்ரூட். "நானாதான் அழிச்சேன்."

"நல்லா இருக்குலா. படிச்சதும் போச்சு, அடையாளமும் போச்சு." சபாபதி டேப்பை இழுத்துச் சுவரை அளக்க ஆரம்பித்தார். "இந்த முனையக் கொஞ்சம் பிடிங்க, கமலநாதன்."

கமலநாதன் பிடித்தார்.

அடுத்த சனிக்கிழமை பழைய பேப்பர் லோரி வாசலில் நின்றது. மாடியிலிருந்து கட்டுக் கட்டாகப் புத்தகங்கள் இறங்கின. இவ்வளவு சீக்கிரம் காலி செய்வார்கள் என்று தெரியாமல் வழக்கம்போல் வந்த கெர்ட்ரூட், லோரியைப் பார்த்துவிட்டுப் படிக்கட்டின் கீழேயே நின்றாள். பிறகு கைப்பையைத் துழாவி, தேய்ந்துபோன ரப்பரை எடுத்துக் கமலநாதனிடம் கொடுத்தாள்.

"உங்களுது சார். குடுக்க மறந்துட்டேன்."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அன்னைக்கு நீ என் பேரைச் சொல்லியிருக்கலாமேம்மா."

"ஏதோ ஒரு கதையில ஒருத்தி இப்படித்தான் சார், கடைசிவரைக்கும் சொல்லமாட்டா. அவ பேருதான் ஞாபகம் வரல." கெர்ட்ரூட் லோரிக்குள் எட்டிப் பார்த்தாள். "இதுக்குள்ளதான் எங்கயாச்சும் கிடப்பா."