பேசணும்னு சட்டம் இல்லை

"உங்களுக்கெல்லாம் யாரு இந்தப் புத்தியைக் கொடுத்தது?" என்று கேட்டுவிட்டுச் சுழல் நாற்காலியில் அரை வட்டம் அடித்தார் ஐயா. நேற்றுக் கத்திய கத்தலில் தொண்டை கட்டியிருந்தது. வாயில் ஒரு மாத்திரையை அதக்கிக்கொண்டிருந்தார்.

எதிரே நாற்காலிகள் காலியாகத்தான் கிடந்தன. ஆனாலும் டைப்பிஸ்ட், டிரைவர், டீ போட்டுப் பெருக்கும் அக்கா எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். மூலையில் சாத்தியிருந்த மூங்கில் கம்புக் கட்டோடு கட்டாகக் காவலாளி ஒடுங்கியிருந்தார்.

"யாரும் கொடுக்கலங்க ஐயா," என்றாள் டைப்பிஸ்ட். "மக பிரசவத்துக்காக அக்கா ரெண்டு நாள் வரல. அதுக்குப் போய் வேலைய விட்டே தூக்கிட்டீங்க. தனித்தனியா கேட்டோம், நீங்க காதுலயே போட்டுக்கல. அதான் சங்கமா சேர்ந்து கேக்கறோம்."

"சங்கமா!" ஐயா சிரித்தார்.

"சேருங்கம்மா, தாராளமா சேருங்க. அரசியல் சட்டமே கொடுத்த உரிமை, அதைத் தடுக்க நான் யாரு? ஆனா அந்தச் சங்கத்தோட நான் உக்காந்து பேசியே ஆகணும்னு அதுல எங்கயும் எழுதல. தெரியுமா உனக்கு?"

சட்டம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அடுத்தவர் வயிற்றில் அடிக்கத்தான் அதை மனப்பாடம் செய்தாரோ என்னவோ.

"பேசவே மாட்டீங்கன்னா அந்த உரிமைய வெச்சு நாங்க என்னங்க பண்றது?" என்றார் டிரைவர்.

"கூடுங்க, கலையுங்க, கோஷம் போடுங்க. இருக்கிறதே நாலு பேரு, இதுல கோரிக்கை ஒரு கேடு! அக்கா கூட நீங்களும் நாளையிலேர்ந்து வீட்டுல உக்காந்து சங்கம் நடத்துங்க. உன் புள்ளைங்களுக்குச் சங்கம் சோறு போடுதான்னு பாக்கலாம்."

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் வீட்டில் ஒரே சம்பளம் என்பது ஐயாவுக்கு நன்றாகத் தெரியும்.

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "இவங்கள ஒண்ணும் பண்ணிடாதீங்க ஐயா. எனக்கு வேலை வேணாம், நானே போயிக்கறேன். என் ஒருத்திக்காக மூணு வீட்டு அடுப்பு அணைய வேணாம்."

"இது நல்ல பிள்ளைக்கு அழகு," என்றார் ஐயா. "போறப்ப அந்த டம்ளரைக் கழுவி வெச்சிட்டுப் போ."

சீ, இவனும் ஒரு மனுஷனா என்று டைப்பிஸ்டுக்கு நாக்கு நுனிவரை வந்தது. வாடகையை நினைத்து விழுங்கிக்கொண்டாள். அக்கா டம்ளரைக் கழுவி, கவிழ்த்து வைத்து, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியேறினாள்.

ஐயா கடிகாரத்தைப் பார்த்தார், பதறி எழுந்தார். சாவியை டிரைவரிடம் வீசியபோது அவர் முகத்தில் சிரிப்பு போய்க் கனல் பறந்தது.

"அந்தக் கொடிக்கம்பெல்லாம் வண்டியில ஏத்துப்பா, சீக்கிரம்! மில் வாசல்ல நம்ம தொழிலாளிங்க காத்துக்கிட்டிருப்பாங்க. அந்த மொதலாளிப் பய சங்கத்தோட உக்காந்து பேச மாட்டானாம்... விட்டுடுவோமா?"