வெட்டரிவாளின் வாய்

“பொம்பளை கையில ஸ்பேனரா? குழாய் ஒழுகினா ஆம்பளையைக் கூப்பிடு!”

மருமகள் குழாய் மாட்டும் வீடியோவுக்குக் கீழே, ‘வெட்டரிவாள்’ என்ற பெயரில் எவனோ எழுதியிருந்தான்.

“மானம் போகுது. எல்லாத்தையும் அழிச்சிடு” என்று கணவன் குதித்தான்.

“எவனோ குரைச்சா நான் ஏன் கடையைச் சாத்தணும்?” என்றாள் அவள்.

“நீயாவது சொல்லும்மா!”

மாமியார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெங்காயத்தையே உரித்தாள். வீட்டில் எல்லாருக்கும் அவள் வாயில்லாப் பூச்சி.

மறுநாள் மருமகள் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக் கேமராவைப் பார்த்தாள். “வெட்டரிவாள் அண்ணே, உங்க வீட்டு மோட்டார் ஓடலேன்னா கூச்சப்படாம கூப்பிடுங்க!”

‘அடங்காப்பிடாரி! உன்னையெல்லாம் அடுப்படியோட நிறுத்தியிருக்கணும்’ என்று பதில் வந்தது. அவள் விடவில்லை. சண்டை பார்க்க வந்த கூட்டம் மோட்டார் மாட்டவும் கற்றுக்கொண்டது. நூறு பேர் பார்த்த வீடியோவை இப்போது லட்சம் பேர் பார்த்தார்கள்.

திடீரென்று இரண்டு நாளாக வெட்டரிவாளிடமிருந்து சத்தமே இல்லை.

“பயல் வாயை அடைச்சிட்டேன் பாத்தீங்களா, அத்தை!”

மாமியார் வாசலை எட்டிப் பார்த்தாள். மகன் இல்லை. முந்தானையிலிருந்து உடைந்த கண்ணாடியை எடுத்து நீட்டினாள்.

“எழுத்தே தெரியலம்மா. சீக்கிரம் புதுசு வாங்கிக் குடு. திட்ட ஆளில்லேன்னா கூட்டம் கலைஞ்சிடும்.”

மருமகள் கண்ணாடியை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள்.

“இந்த வீட்ல நான் வாங்கின வசவுல இன்னும் பாதிகூட எழுதல. நீ ஒண்ணு விடாம திருப்பிக் குடு!”