பேரெல்லாம் தெரியலீங்க

அருள்புரத்து பனியன் கம்பெனியில் மிஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்கின்றன. சின்னப் பிள்ளைகளை வேலைக்கு வைத்திருக்கிறார்களா என்று பார்க்க, சொல்லாமல் கொள்ளாமல் ஆடிட் வந்திருக்கிறது. டியூப் லைட் வெளிச்சத்தில் பஞ்சுத் தூசி மட்டும் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. பிசிறு வெட்டும் மேஜையருகே பதினைந்து வயது தரணி நிற்கிறான். பள்ளியில் சண்டை போட்டு டீசி வாங்கியவனை, "எங்கூடவே இரு கண்ணு, நான் பாத்துக்கறேன்" என்று போன வாரம் இங்கே கூட்டிவந்தவர் அப்பா மகுடேஸ்வரன்தான். அவர் இங்கே சூப்பர்வைசர். காலையில் அவர் போட மறந்த சர்க்கரை மாத்திரை தரணியின் சட்டைப்பையில் இருக்கிறது. ஆடிட்டர் மேடம் அவன் தலைமுடியில் ஒட்டியிருக்கும் நூலைப் பார்க்கிறார். "யாருங்க இந்தப் பையன்?" தரணி அப்பாவைப் பார்க்கிறான். அப்பா மூலையிலிருக்கும் டீ கேனைப் பார்க்கிறார். "டீக்கடைப் பையனுங்க மேடம். பேரெல்லாம் தெரியலீங்க." தரணி கத்திரியைச் சத்தமில்லாமல் மேஜைமேல் வைக்கிறான். மூலைக்குப் போய், கேனிலிருந்து பேப்பர் கப்பில் டீ பிடித்து, ஆவி பறக்க முதலில் அப்பாவிடம்தான் நீட்டுகிறான். அவர் கை கப்பைத் தொடுகிறது. "ஏனுங்ணா," என்கிறான் தரணி, "நீங்க சக்கரை போட்ட டீ குடிப்பீங்களா?"