வேலிப் பத்திரம்

"கடவுள் பங்குல கை வச்சவன் இந்தப் படிக்கட்டுலதான் நிக்கிறான். அவன் யார்னு அவனுக்கே தெரியும்!"

குருத்து ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்த எங்களை இப்படித்தான் நிறுத்தினார் கோயில் தர்மகர்த்தா ஆன்செல்ம் ரிவார்.

பக்கத்தில் சாமியார். "போன வருஷ அளவுதானே விளைஞ்சது? களஞ்சியத்துல மூணு மூட்டை கோதுமை குறையுது. இருபத்தாறு மூட்டைக்கு ஒண்ணு கோயிலுக்கு. அப்படின்னா எழுபத்தெட்டு மூட்டையை யாரோ மறைச்சிருக்காங்க."

"சாமி, அப்ப என் விதை?" என்றாள் பெலிசித்தே.

அவள் புருஷனை ஆறு கொண்டுபோய் இரண்டு வருஷம். கோயில் களஞ்சியத்து விதையை நம்பித்தான் விவசாயம். இந்த வசந்தத்தில் விதைக்காவிட்டால், தரிசு என்று சொல்லி நிலத்தை ஜமீன் எடுத்துக்கொள்ளும்.

"உனக்குன்னு நினைச்ச மூணு மூட்டைதாம்மா இல்லாமப் போச்சு" என்றார் சாமியார்.

ஆளை ஆள் பார்க்க ஆரம்பித்தோம்.

"என்னை ஏன்யா முறைக்கிறே? நான் போட்டாச்சு."

"நீ போட்டதைப் பாத்தேன். பாதி உமி!"

"உன் தராசை முதல்ல நேராக்கு, அப்புறம் என் உமியைப் பேசு."

"நமக்குள்ள எதுக்குச் சண்டை?" ரிவார் கையைத் தூக்கினார். "அதோ நிக்கிறானே, அவன் இந்த ஊருக்கு வர்றதுக்கு முந்தி ஒரு படியாவது குறைஞ்சிருக்கா?"

எல்லாத் தலையும் வாசல் பக்கம் திரும்பியது.

அங்கே ஈசாக் டிங்லி. ஊரில் ஒரே இங்கிலீஷ் வீடு அவருடையது. பூசைக்கு வரமாட்டார். படிக்கட்டு அறிவிப்பு கேட்க மட்டும் வந்து ஓரமாக நிற்பார்.

அவர் மேல் எங்களுக்கு ஏற்கெனவே கடுப்பு. எங்களை ஆண்ட பிரெஞ்சு ராஜா போய் இங்கிலீஷ் ராஜா வந்த பிறகு லண்டனில் ஒரு சட்டம் போட்டார்கள். கத்தோலிக்கன் என்றால் இருபத்தாறில் ஒன்றைக் கோயிலுக்குக் கொடுத்தே ஆகவேண்டும். அவரைப் போலப் புராட்டஸ்டன்ட் என்றால் ஒரு பிடி தரவேண்டாம். அதே மண், அதே மழை, வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் ஒரு சட்டம்.

"அவனைப் பாத்துத்தான் நம்மாளுக்கும் கொடுக்க மனசு வரல. இனிமே மில்லுல அவன் கோதுமையை அரைக்கக் கூடாது. யாரும் அவனோட பேசக் கூடாது!" என்றார் ரிவார்.

கொல்லன் காஸ்பார் இரண்டு படி இறங்கினான். "இருங்க, நான் கேக்கறேன். யோவ் டிங்லி! எங்க ஆளுங்க யாரோடயாவது உனக்குக் கூட்டு உண்டா? மறைக்காம சொல்லு."

டிங்லி யோசித்தார். எங்கள் பிரெஞ்சுப் பேச்சு அவர் வாயில் தடுக்கித் தடுக்கித்தான் வரும்.

"உண்டு. ஒண்ணே ஒண்ணு. வேலிப் பத்திரம்."

"சரி, சரி, சூப்பு ஆறுது. எல்லாரும் வீட்டுக்குப் போங்கப்பா" என்றார் ரிவார்.

கூட்டத்தைக் கூட்டினவரே எதற்குக் கலைக்கிறார்? ஒருத்தரும் நகரவில்லை.

எதிர்வீடுதான். டிங்லி போய்ப் பத்திரத்தோடு வந்தார்.

"போன வசந்தத்துல முசியே ரிவார் கொண்டு வந்தார். உங்க எழுத்து எனக்குப் படிக்க வராது. நம்ம ரெண்டு பேர் வேலி பத்தினதுன்னார். ஒரு ஜாடி மேப்பிள் மரப் பாகும் கொடுத்தார். இந்த ஊர்ல எனக்குக் கிடைச்ச முதல் மரியாதை. கையெழுத்துப் போட்டேன்."

சாமியார் வாங்கி மனசுக்குள் படித்தார். பிறகு உரக்கப் படித்தார்.

"ஆன்செல்ம் ரிவார் ஆகிய நான், என் ஆற்றங்கரை வயலைப் புராட்டஸ்டன்டான ஈசாக் டிங்லிக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறேன். அதில் விளையும் தானியம் முழுவதும் அவரைச் சேரும். குத்தகை, வருஷத்துக்கு ஒரு கொழுத்த கோழி."

"அந்த வயல்ல நான் கால் வச்சதே இல்லையே!" என்றார் டிங்லி.

"நீங்க கால் வைக்க வேண்டாம். உங்க சமயம் கால் வச்சா போதும்" என்றார் சாமியார். "ஆன்செல்ம், அந்த வயல்ல எத்தனை மூட்டை?"



"எழுபத்தெட்டு" என்றான் காஸ்பார். "விலை ஏறட்டும்னு அப்படியே அடுக்கி வச்சிருக்கார். போன வாரம் அவர் கொட்டகைக் கதவுக்குப் பூட்டு போட்டவனே நான்தான்."

"ஆன்செல்ம், அது உங்க கோதுமைன்னா கோயில் பங்கு எங்கே?" என்றார் சாமியார்.

ரிவார் முகம் சிவந்தது. ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது. திருடன் என்று பெயர் எடுக்க அவருக்கு மனமில்லை.

"நான் திருடல! பத்திரம்னா பத்திரம்தான். சட்டப்படி அது அந்த இங்கிலீஷ்காரர் கோதுமை. அதுல கோயிலுக்குப் பங்கு கிடையாது!"

"சட்டப்படி என்னோடதா?" என்றார் டிங்லி.

"ஆமா! ஊர் அறியச் சொல்றேன், உங்களோடது!"

டிங்லி பத்திரத்தை வாங்கிப் பத்திரமாக மடித்து, கோட்டுக்குள் வைத்துக்கொண்டார். பெலிசித்தேயின் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு எத்தனை மூட்டை வேணும்மா?"

"மூணு" என்றாள் அவள், சந்தேகத்தோடு.

"சாமி, இருபத்தாறுல ஒண்ணு நான் கொடுக்கணும்னு சட்டம் இல்ல. அதுக்கு மேல கொடுக்கக் கூடாதுன்னும் சட்டம் இல்ல. எழுபத்தெட்டும் உங்க களஞ்சியத்துக்கு. முதல் மூணு இந்த அம்மாவுக்கு. மிச்சம், விதை இல்லாத எல்லாருக்கும்."

பிறகு தொப்பியைக் கழற்றி ரிவாருக்கு வணக்கம் சொன்னார்.

"குத்தகைக் கோழி இன்னைக்கே உங்க வீட்டுக்கு வந்துடும் முசியே, நல்லாக் கொழுத்ததாப் பாத்து அனுப்பறேன். என் கோதுமையைப் பனி இளகி வழி சேறாகறதுக்குள்ள வண்டியில ஏத்திக் கொண்டாந்து இறக்கிடுங்க!"