பொழுது படாத வெள்ளிக்கிழமை

“சூரியன் மறையாத ஊருக்கு விரதக்காரி ஆராவது போவாளோ?” என்று றஜிதா தொடங்கினாள்.

ரொறன்ரோவுக்கு வடக்கே ஸ்ரௌவ்வில்லில் இருக்கும் அவளுடைய வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வந்தவர்கள் தங்கள் மரியாதையையும் கழற்றி வைத்துவிட வேண்டும். ஜெயமலர் இரண்டையும் கழற்றிவிட்டு வந்து சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கணவர் ஸ்ரீஸ்கந்தராசா. றஜிதா அவருக்கு அக்கா. அக்காவுக்கு முன்னால் அவர் வாய் திறப்பது சாப்பிடுவதற்கு மட்டும்தான். அன்றைக்கு ரோல்ஸ் இருந்தது.

“நோர்வேயாம், ஆர்க்டிக்காம், கப்பலாம்! நான் கேக்கிறன், அந்தக் கடைசி வெள்ளியை முடிச்சுப்போட்டுப் போயிருக்கேலாதோ?”

“மலிவாக் கிடைச்சுது மச்சாள்,” என்றாள் ஜெயமலர், தரையைப் பார்த்தபடி.

விஷயம் இதுதான். ஜெயமலரின் மகன் மிதுனன், கட்டினால் ஜெசிகாவைத்தான் கட்டுவேன் என்று நின்றான். ஜெசிகா மன்னார்க் கத்தோலிக்கப் பெண். றஜிதாவுக்கோ, முறை மச்சான் கண்ணுக்கு முன்னால் இருக்கத் தன் மகள் சுபாங்கிக்கு வெளியில் மாப்பிள்ளை தேட மனமில்லை. தம்பி பெண்சாதியை ஸ்காபரோவில் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய், முருகனுக்கு முன்னால் நிறுத்தி, நேர்த்தி வைக்கச் செய்தாள். தை பிறந்து ஆனி முடியும்வரை வெள்ளிக்கிழமைகளில் பொழுது பட்ட பிறகுதான் ஒரு நேரச் சாப்பாடு. தவறாமல் முடித்தால் மிதுனன் சுபாங்கியைக் கட்ட வேண்டும். இடையில் முறிந்தால் அது முருகன் விருப்பம், அவன் ஜெசிகாவைக் கட்டலாம். அம்மா பசி தாங்கமாட்டாள் என்ற தைரியத்தில் மிதுனனும் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தான். அம்மாவோ ஒரு வெள்ளியும் விடவில்லை. பையனுக்கு முகம் செத்துப்போயிற்று. கடைசி வெள்ளி கப்பலில் வந்து சேர்ந்தது.

“சரி, அங்க பொழுது படேல்லை. ரொறன்ரோ நேரத்தைப் பார்த்துச் சாப்பிட்டிருக்கலாமே?”

“பொழுது பட்டாப் பிறகு எண்டு நீங்கள்தானே மச்சாள் சொல்லித் தந்தனீங்கள். மணிக்கூட்டைப் பார்க்கச் சொல்லேல்லையே.”

றஜிதாவின் முகம் கறுத்தது. ஸ்ரீஸ்கந்தராசா ரோல்ஸை விழுங்கிவிட்டு, பேச்சை மாற்றுவதாக நினைத்துக்கொண்டு புகுந்தார்.

“ஆனா அக்கா, என்ன வடிவு தெரியுமே! மலையெல்லாம் நேர கடலுக்க இறங்குது. கப்பல் ரெண்டு மலைக்கும் நடுவால ஒழுங்கைக்குள்ள போற மாதிரிப் போகுது. பிறகு பாத்தா தீவு தீவா வருகுது. ஒரு தீவில பெரிய பெரிய மீனை மரச்சட்டத்தில தொங்கப் போட்டுக் காய விட்டிருக்கிறாங்கள். சுத்தக் கருவாட்டு மணம்!”

“வாயை மூடு. அவள் பட்டினி கிடக்க நீ கருவாடு மணந்துகொண்டு திரிஞ்சனியோ?”

“ஐயோ, நான் அவளுக்குத் துணையாத்தானே இருந்தனான்.”

“எங்க?”

“சாப்பாட்டு மண்டபத்தில.”

றஜிதா தலையில் அடித்துக்கொண்டாள். ஜெயமலர் சேலைத் தலைப்பால் கண்ணை ஒற்றினாள்.

“வெள்ளி நடுச்சாமம்வரை மேல்தட்டில குளிருக்க நிண்டனான் மச்சாள். சூரியன் மெல்ல மெல்லக் கடலுக்குக் கிட்ட வந்துது. இந்தா தாழப்போகுது எண்டு கையெடுத்துக் கும்பிட்டன். அது கடலில முட்டாமல் திரும்பவும் மேல ஏறிப்போச்சு. சனி முழுக்க வெறும் தண்ணிதான். ஞாயிறு விடிய, விடியிறது எங்க, அது முதலே வெளிச்சம்தானே, எனக்குத் தலை சுத்திச்சுது. உவர் ஒரு கேக் துண்டைக் கொண்டு வந்து நீட்டினார். முருகா எண்டு சொல்லிச் சாப்பிட்டிட்டன்.”

“ஒரு கேக் துண்டுக்கு என்ர பிள்ளையின்ர கலியாணத்தை வித்துப்போட்டியே! நாலாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும் அங்க ஆனியில சூரியன் மறையாதெண்டு. உனக்கென்ன மண்டைக்குள்ள களிமண்ணோ?”

“உங்களை மாதிரி நானென்ன படிச்சனானோ மச்சாள்.”

“நாளைக்கே முதலில இருந்து தொடங்கு விரதத்தை!”

“தொடங்கலாம். ஆனா மிதுனன் நேற்றே ஜெசிகா வீட்டில போய் மோதிரம் மாத்த நாள் பேசிப்போட்டு வந்திட்டான். சாமிக்கு முன்னால செய்த சத்தியமெல்லோ, நாங்கள் மாறிக் கதைக்கலாமோ?”

றஜிதா எழுந்தாள். ரோல்ஸ் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனவள் திரும்பி வரவேயில்லை. உபசாரம் அவ்வளவுதான் என்று விளங்கி இருவரும் செருப்பை மாட்டிக்கொண்டார்கள்.

காரில் ஏறியதும்தான் ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு வீரம் வந்தது. “அக்கா ஏசினதில என்ன பிழை? உம்மட விசர்த்தனத்தால நான் அவவின்ர முகத்தில முழிக்கேலாமல் கிடக்கு. ரிக்கற் எடுக்கேக்க ஒரு வார்த்தை விசாரிச்சுப் பாக்கத் தெரியாதோ உமக்கு?”

மார்க்கம் ரோட்டுச் சிவப்பு விளக்கில் கார் நின்றபோது ஜெயமலரின் கைபேசி அடித்தது, சத்தம் கார் ஸ்பீக்கரில் வந்தது. அவள் அவசரமாகக் கையை நீட்டுவதற்குள் அவர் பொத்தானை அழுத்திவிட்டார்.

“அன்ரி, நான் திலக்சன், ட்ரவல்ஸில இருந்து. பயணம் எப்பிடி? அலாஸ்காக் கப்பல் வேண்டாம், அங்க கொஞ்ச நேரமெண்டாலும் சூரியன் மறையும், அந்த வெள்ளிக்கிழமை அது மறையவே கூடாது எண்டு ஒற்றைக்காலில நிண்டியள். நான் போட்டுத் தந்த இடத்தில மறையேல்லைத்தானே?”

விளக்குப் பச்சையாகியும் ஸ்ரீஸ்கந்தராசா காரை எடுக்கவில்லை.

“ஒரு பொட்டும் மறையேல்லை தம்பி,” என்றாள் ஜெயமலர். “என்ர பிள்ளை தப்பீட்டான்.”